பத்தாம் திகதி சம்பளம், பதினைந்தாம் திகதி வரி: ஒரு பேக்கரியின் கணக்கு

2023 ஒக்டோபர் 9, திங்கட்கிழமை. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில் பேக்கரி நடத்தும் முதலாளி மா படிந்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வரிக் கணக்கு எழுதும் என் மேசையில் வைத்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. பிரிக்காத கடித உறைகள்தான் இருந்தன. மின்சார பில், பிரதேச சபை, த்ரீவீல் லீசிங், வரி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

"ஏன் அண்ணே பிரிக்கல?" என்றேன்.

"பிரிச்சா கட்டணும் தம்பி. பிரிக்காட்டி இன்னும் தெரியாதுதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நெருக்கடிக் காலத்தில் சிறு வியாபாரி வரியைத் தள்ளிப்போடும் முறை பெரும்பாலும் இதுதான். சட்டப்படி அவகாசம் கேட்பது ஒன்று, உறையைப் பிரிக்காமல் வைப்பது இன்னொன்று. முதலாவதற்கு விலை கொஞ்சம், இரண்டாவதற்கு விலை அதிகம். அந்த விலையைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஆள் யார், கடை எது என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். வரி வீதமும் திகதிகளும் சட்டத்தில் உள்ளவை.

கடை எப்படி ஓடுகிறது

விறகுப் போறணை ஒன்று, மா பிசையும் மெஷின் ஒன்று, ஆறு வேலையாட்கள், பாண் விற்கப் போகும் த்ரீவீல் இரண்டு. விடியற்காலை மூன்று மணிக்குப் போறணை சூடாகும். ஐந்தரைக்கு முதல் த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறும். கடையில் விற்பது மூன்றில் ஒரு பங்குதான். மீதி, தோட்டத்துச் சின்னக் கடைகள் பதினாலுக்குக் கொப்பிக் கணக்கில் போகிறது. வருட விற்பனை இரண்டரைக் கோடி ரூபா வரும். கேட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் பெரும்பகுதி மாவும் மாஜரினும் சீனியும் விறகும்தான்.

இங்கே காசு எப்போது புழங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது தோட்டத்துச் சம்பளம். மாதம் 10ஆம் திகதி சம்பளம், 25ஆம் திகதி முற்பணம். தொழிலாளி சம்பளம் வாங்கித் தோட்டத்துக் கடைக்குக் கடனை அடைப்பார். அந்தக் கடைக்காரர் முதலில் அரிசி, பருப்பு கொடுத்த மொத்த வியாபாரிக்குக் கட்டுவார். அப்புறம் தேங்காய்க்காரர். பாண்காரனுக்குக் கடைசியில்தான். பேக்கரிக் கொப்பியை வைத்திருப்பது முதலாளியின் மனைவி. அவர் ஒரே வரியில் சொன்னார்: "பத்தாந்தேதி சம்பளம் லயத்துக்கு வருது. நம்ம கைக்கு வர இருவது ஆகுது."

வருமான வரித் தவணை விழுவதோ ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. சம்பளத்துக்கு ஐந்து நாள் பின்னால், வசூலுக்கு ஐந்து நாள் முன்னால். கொழும்பில் இருந்து பார்த்தால் இந்த ஐந்து நாள் ஒரு விஷயமே இல்லை.

இதற்கு மேலே தேயிலைக் கொழுந்து. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடை நீங்கியது, ஆனால் தேயிலைச் செடிக்கு அது தெரியாது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் எடை குறையும். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் முழுப் பேர் (ஒரு நாள் சம்பளம்) விழாது, அரைப் பேர்தான். அரைப் பேர் விழுந்த வீட்டில் முதலில் மாறுவது பாண் கணக்கு. இரண்டு பாண் எடுத்த வீடு ஒன்று எடுக்கும், அதையும் கடனுக்கு எடுக்கும். உரத் தடைக்கும் ஒரு பேக்கரியின் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

2022இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை மா வியாபாரி இரண்டு வாரம் தவணை கொடுத்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. மத்திய வங்கி அதற்கு நாலு நாள் முன்னே வட்டியை ஒரே அடியாக 7 வீதப்புள்ளி ஏற்றியிருந்தது. டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 360ஐ எட்டியது. விலை நாளுக்கு நாள் மாறும்போது எந்த மொத்த வியாபாரி தவணை கொடுப்பார்? காசைக் கையில் வைத்தால்தான் மூட்டை. வாங்குவது ரொக்கத்துக்கு, விற்பது ஒரு மாதக் கடனுக்கு. நாட்டின் நெருக்கடி இந்தக் கடைக்குள் வந்த வழி இதுதான். 2023 செப்டெம்பர் கடைசியில் வெளியே நின்ற பாண் கடன் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

பூஜ்யத்தில் இருந்து 2,52,000

முதலாளியின் வருட வருமானம், செலவெல்லாம் கழித்து, சுமார் 30 லட்சம் ரூபா. 2020 ஜனவரி முதல் தனிநபர் வரிவிலக்கு வருடத்துக்கு 30 லட்சம். ஆகவே அவருக்கு வரி பூஜ்யம். 2019 கடைசியில் வந்த பெரிய வரிக்குறைப்பின் ஒரு துண்டு அது. அதே குறைப்பில் பெறுமதி சேர் வரி (வெட்) 15 வீதத்தில் இருந்து 8 ஆனது. பதிவுக்கான விற்பனை எல்லை வருடத்துக்கு 1 கோடி 20 லட்சத்தில் இருந்து 30 கோடிக்குத் தாவியது. அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போனது. கஜானா காலியானதற்கு அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று.

திரும்பி வந்த விதம்தான் கொடுமை. 2023 ஜனவரி 1 முதல் வரிவிலக்கு 12 லட்சம். அதற்கு மேல் ஒவ்வொரு 5 லட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, மீதிக்கு 36 வீதம். அவருடைய 30 லட்சத்தில் 12ஐக் கழித்தால் 18 லட்சம். முதல் ஐந்துக்கு 30,000, அடுத்த ஐந்துக்கு 60,000, அடுத்ததற்கு 90,000, மிஞ்சிய 3 லட்சத்துக்கு 72,000. கூட்டினால் 2,52,000. காலாண்டுக்கு 63,000.

ரூபாவின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்ட இரண்டு வருடத்தில், அதே 30 லட்சத்துக்கு வரி பூஜ்யத்தில் இருந்து இரண்டரை லட்சம். நான் வரி ஏற்றத்துக்கு எதிரானவன் இல்லை. அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது படிப்படியாக ஏறவில்லை, ஒரே தாவலில் கூரைக்குப் போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமை மேசையில் இருந்த பட்டியல் சின்னது. 2022/23 வரி மதிப்பாண்டின் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) கடைசி மூன்று மாதத்துக்குப் புதிய வீதப்படி 63,000. இதைக் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள் செப்டெம்பர் 30, போய்விட்டது. (கறாராகப் பார்த்தால் மே மாதத் தவணையிலேயே கட்டியிருக்க வேண்டும். அது வேறு வழக்கு.) 2023/24இன் முதல் தவணை, ஓகஸ்ட் 15, அதுவும் போய்விட்டது. இரண்டாவது தவணை நவம்பர் 15. பழைய வருமானமே தொடரும் என்று வைத்தால் ஐந்து வாரத்துக்குள் 1,89,000 ரூபா.

"அவகாசம் கேட்டு எழுதுங்க தம்பி. ஆறு மாசம். எல்லாத்துக்கும் சேர்த்து."

அப்படியே எழுதியிருந்தால் அவரை மூழ்கடித்திருப்பேன்.

முதலில் எதைத் தள்ளக்கூடாது

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் தாமதத்துக்கு இரண்டு விதமான விலை இருக்கிறது. ஒன்று வட்டி, மாதத்துக்கு ஒன்றரை வீதம். மற்றது அபராதம். உரிய நாளில் இருந்து 14 நாளுக்குள் கட்டாவிட்டால் வருட வரிக்கு 20 வீதம், காலாண்டுத் தவணைக்கு 10 வீதம். எழுத்தில் விண்ணப்பித்து, தகுந்த காரணம் காட்டினால் ஆணையாளர் நாயகம் அவகாசம் கொடுக்கலாம், தவணை முறையில் கட்டவும் அனுமதிக்கலாம். அவகாசம் கிடைத்தால் அபராதத்துக்கான நாள் தள்ளிப்போகும். வட்டி தள்ளிப்போகாது, அது முதல் நாளில் இருந்தே ஓடும். அனுமதித்த தவணையில் ஒன்றைத் தவறவிட்டால் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும்.

ஆகவே தள்ளிப்போடுவது என்பது ஒன்றரை வட்டிக் கடன். 2022 கடைசியில் வங்கிக் கடன் வட்டி வருடத்துக்கு 30 வீதத்தைத் தொட்டது. பட்டணத்தில் ஐந்து வட்டிக்காரரிடம் போனால் வருடத்துக்கு 60. இவற்றோடு ஒப்பிட்டால் 18 வீதம் மோசமில்லை. அபராதம் சேர்ந்தால்தான் கணக்கு தலைகீழாகிறது. அனுமதி கேட்காமல் ஒரு மாதம் தாமதித்தால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் இருபதும் ஒன்றரையும். எந்தக் கந்துவட்டிக்காரரும் கேட்காத வட்டி அது.

செப்டெம்பர் 30இல் இருந்து 14 நாள் என்றால் ஒக்டோபர் 14. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 9ஆம் திகதி. ஐந்து நாள் கையில் இருந்தது. 63,000க்கு 20 வீதம் 12,600.

"இதை மட்டும் தள்ளக்கூடாது அண்ணே. இந்த வாரமே கட்டணும்."

"தள்ளிப்போடத்தானே வந்தேன், கட்டச் சொல்றீங்க."

அன்று பின்னேரம் முதலாளியின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தன் வளையலை வங்கியில் அடகு வைத்தார். 20ஆம் திகதிக்குப் பிறகு பாண் காசு வந்ததும் மீட்டார். வட்டி ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. 12,600 தப்பியது. இந்த வழக்கில் நாங்கள் செய்த நல்ல காரியங்களில் முதலாவது, ஒரு வரியைத் தள்ளிப்போடாததுதான்.

முதலாளிக்கு அவகாசத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கடன் தவணைக்கு ஆறு மாத ஓய்வு அறிவித்தார்கள். இவர் த்ரீவீல் லீசிங்குக்கு அதை எடுத்தார். "கட்ட வேண்டாம்னாங்க, நானும் நிம்மதியா இருந்தேன். அப்புறம் பார்த்தா ஆறு மாச வட்டியும் முதலோட சேர்ந்து உக்காந்திருக்கு." தள்ளிப்போடுவதை மன்னிப்பு என்று நினைத்துவிட்டார். அவர் மட்டுமில்லை, அந்த வருடம் பட்டணத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தச் சூடு ஆறாததால்தான், மூன்று வருடம் கழித்து வந்த உறைகளைப் பிரிக்காமலே வைத்தார் என்று எனக்குப் படுகிறது.

கொப்பி சொன்ன கணக்கு

அடுத்த ஞாயிறு பேக்கரியின் பின்னறையில், மா மூட்டை மேலே உட்கார்ந்து கொப்பியைப் பார்த்தேன். கடைக்கு ஒரு பக்கம். இடது பக்கம் கொடுத்த பாண், வலது பக்கம் வந்த காசு. காசு வந்த நாளைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார் அக்கா. முதலாளிக்குத் தெரியாத ஒரு விஷயம் அதில் இருந்தது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஆறு மாத இலாபம் 12 லட்சத்தைத் தொடவில்லை.

ஏன் என்று தேட வேண்டியிருக்கவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். மா பிசையும் மெஷினும் குளிர்ப்பெட்டியும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. 2023 ஒக்டோபரில் அது ஒற்றை இலக்கம் என்று செய்தியில் பெருமையாகச் சொன்னார்கள். ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. சம்பளம் அதே 1,000 ரூபா நாட்கூலியில் நின்றது. பாண் விலையை ஏற்றினால் வாங்க ஆளில்லை.

வருட வருமானம் 30 லட்சம் இல்லை, 24 லட்சம் என்று வைத்து வரியைப் போட்டோம். 12 லட்சம் விலக்குப் போக மீதி 12 லட்சம். 30,000, 60,000, மிஞ்சிய 2 லட்சத்துக்கு 36,000. மொத்தம் 1,26,000.

வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, வரி சரிபாதி. ஏறுவரி இறங்கும்போதும் அதே வேகத்தில் இறங்கும் என்பது கடைக்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. வருடத் தொடக்கத்தில் கொடுக்கும் மதிப்பீட்டை இடையில் திருத்திக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. திருத்தியபின் கட்டாத தொகை மீதித் தவணைகளில் பரவும். நவம்பர், பெப்ரவரி, மே என்று தலைக்கு 42,000. ஓகஸ்ட் தவணை தவறியதற்கான அபராதத்தில் இருந்து தப்ப முடியவில்லை, அதைக் கட்டினோம்.

ஐந்து வாரத்தில் 1,89,000 என்று தொடங்கிய பயம், அவகாசக் கடிதம் எழுதாமலே, ஒக்டோபரில் 63,000ஆகவும் நவம்பரில் 42,000ஆகவும் இறங்கிவிட்டது. தள்ளிப்போடக் கேட்பதற்கு முன் தொகை சரியா என்று பார்க்க வேண்டும். இல்லாத கடனுக்கு அவகாசம் கேட்டு, அதற்கு வட்டியும் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே நேரம் பயத்தில் மதிப்பீட்டைக் கண்டபடி குறைத்துக் காட்டினால் வருட முடிவில் வட்டியோடு திரும்பி வரும். கொப்பி இருந்ததால்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

எதைத் தள்ளினோம், எப்படி

2023 தீபாவளி நவம்பர் 12. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்திருந்தார்கள். கேக்கும் பணிசும் ரொக்கத்துக்குப் போயின. 15ஆம் திகதி 42,000 சிரமமில்லாமல் கட்டினோம்.

சிக்கல் பெப்ரவரி. மலையின் மேற்குச் சரிவில், திம்புள்ளை, டிக்கோயா பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் தேயிலை அப்போதுதான் வரும், ஆனால் கொழுந்து கொஞ்சம். தரம் ஏறினால் கம்பனிக்கு இலாபம். கிலோ குறைந்தால் லயத்தில் அரைப் பேர். போதாததற்கு 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி, அதற்குள் மறுபடி ஏறியிருந்த 15இல் இருந்து, 18 வீதமானது. அதுவரை விலக்கில் இருந்த டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் சேர்த்து விழுந்தது. இரண்டரைக் கோடி விற்பனை உள்ள பேக்கரிக்கு வெட் பதிவு தேவையில்லை, அப்போதைய எல்லை 6 கோடி. ஆனால் பதிவு இல்லாததால் அவர் வெட் கட்டுவதில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விநியோக லொறியின் டீசலிலும் பொலித்தீன் உறையிலும் மெஷின் உதிரிப் பாகத்திலும் கட்டுகிறார். பதிவு உள்ளவர் போல அதைக் கழித்துக்கொள்ள முடியாது. இந்த வரிக்கு அவகாசம் கேட்டு எழுத எந்த அலுவலகமும் இல்லை.

ஜனவரி கடைசியில் கடிதம் எழுதினேன். முதலாளி சொன்ன முதல் வரி: "நாட்டில் நிலவும் பொருளாதார நெருக்கடி காரணமாக." அதை அடித்தேன். எல்லோரும் எழுதும் வரி அது, நாட்டுக்கே உள்ள காரணம் தனி ஒருவனுக்குக் காரணம் ஆகாது. அதற்குப் பதிலாகக் கொப்பியில் இருந்து பன்னிரண்டு மாத வசூலை வாரவாரியாக எடுத்து ஒரு பக்கத்தில் போட்டேன். முந்தைய வருடம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் வசூல் எவ்வளவு தாழ்ந்தது, ஏப்ரல், மே எவ்வளவு ஏறியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. வங்கிக் கூற்று, கட்டிய வரியின் பற்றுச்சீட்டுகள் எல்லாம் பின்னால். கேட்டது ஒன்றுதான். பெப்ரவரித் தவணை 42,000ஐ இரண்டாகப் பிரித்து ஏப்ரலிலும் மே மாதத்திலும் கட்ட அனுமதி.

ஆறு மாதம் சமமாகப் பிரித்துக் கட்டலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. மாதம் 7,000, கேட்க அழகு. ஆனால் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் கட்ட வேண்டி வரும், எந்த மாதத்தில் காசில்லையோ அந்த மாதத்தில். ஒன்று தவறினால் மொத்தமும் தலையில் விழும். தள்ளிய தவணை அடுத்த தவணையின் தோளில் ஏறி உட்காரும் என்பதையும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் அதற்குரிய 42,000ஓடு இந்த 21,000மும் சேரும், 63,000. கொழுந்து மாதம், புத்தாண்டு வியாபாரமும் முடிந்திருக்கும், தாங்கும் என்று கணக்கிட்டோம்.

அனுமதி கிடைத்தது. வட்டி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாவுக்குள். கேட்காமல் விட்டிருந்தால் அபராதம் மட்டும் 4,200. ஐந்து வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தால் மாதத்துக்கு 2,100.

இனி என் தவறு. அக்கா சொன்னது ஏப்ரல் 22, மே 22. நான் கடிதத்தில் மே மாதத்தைச் சரியாக எழுதிவிட்டு ஏப்ரலுக்கு 15 என்று எழுதிவிட்டேன். இருபது வருடமாக வரி என்றாலே 15 என்று எழுதிய கை. அனுமதியும் கேட்டபடியே வந்தது. 2024இல் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. வங்கி பூட்டுமுன் கட்ட வேண்டும் என்றால் சம்பள நாளுக்கு முன்னே கட்ட வேண்டும். வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், போறணை ஆறிக் கிடந்தது, கொப்பிக் காசு ஒரு சதம் வரவில்லை. மா வாங்க வைத்திருந்த காசில் 21,000 எடுத்துக் கட்டினார். புத்தாண்டு முடிந்து போறணையைப் பற்ற வைத்த அன்று மூட்டை எடுக்கக் காசு போதாமல், பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்குக் கிலோக் கணக்கில் மா வாங்கினார்கள். நாலு நாள். அந்த நாலு நாள் நட்டம் சேமித்த அபராதத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதும் எந்தக் கடிதத்தையும் திகதி பார்க்காமல் முதலாளியைக் கையெழுத்துப் போட விடுவதில்லை.

இந்தக் கடைக்கு வெளியே

நெருக்கடி நேரத்தில் எல்லாச் சிறு வியாபாரிகளுக்கும் வரியை ஒரேயடியாகத் தள்ளி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020இல் ஓரளவு முடிந்தது. ஊரடங்கின் பாதிப்புக்கு மத்திய வங்கி 4 வீத வட்டியில் நடைமுறை மூலதனக் கடனும் கொடுத்தது. 2022க்குப் பிறகு அது முடியாது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20ஆம் திகதி ஒப்புக்கொண்ட 300 கோடி டொலர் திட்டத்தின் அச்சாணியே அரசின் வரி வருமானத்தை உயர்த்துவது. கடைக்காரன் மூச்சு வாங்கும் நேரமும் அரசு மூச்சு வாங்கும் நேரமும் ஒன்றாக வந்துவிட்டன. மிஞ்சியது ஆளாளுக்கு விண்ணப்பித்துப் பெறும் அவகாசம் மட்டுமே. அது எழுதத் தெரிந்தவருக்கும், எழுதித்தர ஆள் வைக்க முடிந்தவருக்கும்தான் கிடைக்கும். லயத்து வாசலில் வெற்றிலையும் சோப்பும் விற்கும் பெண்ணுக்கு வருமான வரியே இல்லை. ஆகவே தள்ளிப்போடவும் ஒன்றும் இல்லை. அவர் கட்டும் வரி சோப்பின் விலைக்குள் ஏற்கெனவே போய்விட்டது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. வரிக்கு அவகாசம் வாங்கத் தெரியாத முதலாளிமார் வரி கட்டும் காசை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் ஈ.பீ.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டிய காசில் இருந்து. தொழிலாளியிடம் பிடித்த 8 வீதமும் முதலாளி சேர்க்க வேண்டிய 12 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் போக வேண்டும். தாமதித்தால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை ஏறும். வரியைவிட விலை கூடிய கடன் அது. தவிர அது முதலாளியின் காசே இல்லை. நம் பேக்கரியிலும் மூன்று மாத பாக்கி இருந்தது என்பது டின்னை முழுதாகப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. வரிக்கு அவகாசம் கேட்டதன் உண்மையான பயன் அங்கேதான் போனது. பெப்ரவரியில் விடுபட்ட 42,000இன் பெரும்பகுதியை ஆறு பேரின் ஈ.பீ.எஃப். பாக்கிக்குக் கட்டினோம். மீதியில் மா.

2024/25இல் அவகாசம் கேட்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வரிவிலக்கு 18 லட்சமானது, முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம். 24 லட்சம் வருமானத்துக்கு வருட வரி 36,000, காலாண்டுக்கு 9,000. அக்கா மாதம் 3,000 என்று தனியாக எடுத்து வைக்கிறார், 22ஆம் திகதி. கடிதங்கள் இப்போது டின்னுக்குப் போவதில்லை, கொப்பிக்குள் போகின்றன.

2025 நவம்பரில், வரவுசெலவுத் திட்டம் வாசித்த வாரம், அக்காவே என்னிடம் வந்தார். வெட் பதிவின் எல்லையை 2026 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 3 கோடி 60 லட்சமாக இறக்க யோசனை என்று றேடியோவில் கேட்டிருக்கிறார்.

"மாசத்துக்கு எவ்வளவு தம்பி அது?"

"30 லட்சம்."

கொப்பியைத் திறந்து, டிசெம்பர் மாதக் கேக் ஓடர்களை விரலால் கூட்டத் தொடங்கினார்.